டர்பன் கடலில் தூண்டில் போட எந்தக் கயாக், அதில் எதை எங்கே கட்டுவது

தூத்துக்குடியிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து, பக்கத்திலுள்ள உம்ஷ்லாங்காவில் குடியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கடையில் ஒரு பிளாஸ்டிக் கயாக் பார்த்தாராம். நீளம் மூன்று மீட்டர் சொச்சம், அகலம் 85 சென்டிமீட்டர். நின்றுகொண்டே தூண்டில் வீசலாம் என்கிறார்களாம். உயரமான நாற்காலி, ஆறு தூண்டில் தாங்கி, காலால் மிதித்து ஓட்டும் பெடல் எல்லாம் அதில் இருக்கிறது. சீலா மீன் பிடிக்க ஆசை. இதை வாங்கலாமா, வாங்கினால் இன்னும் என்னென்ன மாட்ட வேண்டும், பத்து வயது மகனையும் கூட்டிப் போகலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, அணைக்கட்டில் ஓட்ட என்றால் தாராளமாக வாங்குங்கள். கடலுக்கு என்றால் அது வேண்டாம்.

உங்களுக்குப் பழக்கமான கடல் மன்னார் வளைகுடா. எதிரே இலங்கை, பக்கத்தில் தீவு வரிசை. பெரும்பாலான நாட்களில் அலை கரையைத் தொட்டுவிட்டுப் போகும். டர்பனுக்குத் தெற்கே அண்டார்டிக்கா வரை தடுப்பு எதுவும் இல்லை. அங்கே எங்கோ அடித்த புயலின் அலை, காற்றே இல்லாத காலையிலும் இங்கே வந்து மணலில் உடையும். ஐந்து மணி நேரம் கடலில் இருந்தாலும், உங்கள் கயாக் தன் தகுதியைக் காட்ட வேண்டியது போகும்போது ஐந்து நிமிடம், திரும்பும்போது ஐந்து நிமிடம். அலை உடையும் அந்த வெள்ளை நுரையைத் தாண்ட முடிகிறதா என்பதை வைத்துத்தான் இங்கே கயாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீன் பிடிக்க வசதியாக இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. கடையில் காட்டும் வசதிகள் எல்லாமே இரண்டாவது கேள்விக்கான பதில்கள்.

அகலமான, குட்டையான கயாக் தட்டை நீரில் ஆடாமல் நிற்கும். அதே அகலம் நுரைக்குள் எதிரியாகிவிடும். முன்முனையான அணியம் மழுங்கலாக இருப்பதால் எதிரே வரும் அலையைக் கிழிக்காமல் அதில் முட்டி நின்றுவிடும். அடுத்த அலை வருவதற்குள் வேகம் பிடிக்க முடியாது. கரைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து வரும் அலை அதைக் குறுக்காகத் திருப்பும். குறுக்காகத் திரும்பிவிட்டால் அடுத்தது கவிழ்வதுதான். உயரமான நாற்காலி உங்கள் உடல் பாரத்தை மேலே தூக்கி வைக்கிறது, அதனால் இன்னும் சீக்கிரம் கவிழும். பெடலும் அப்படித்தான். ஹோபி நிறுவனம் 1997இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் நல்ல கண்டுபிடிப்பு, கை இரண்டும் காலியாக இருக்கும். ஆனால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புச் சிறகு ஆழமில்லாத நுரையில் மணலில் குத்தும். அதை மடித்துவிட்டால் கைத் துடுப்பை நம்பித்தான் போக வேண்டும், அவ்வளவு அகலமான கயாக்கைக் கைத் துடுப்பால் வேகமாகத் தள்ள முடியாது.

அதனால்தான் டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்துக் கரையில் வேறு வகைப் படகு உருவாகியிருக்கிறது. இங்கே 'ஃபிஷிங் ஸ்கீ' என்பார்கள், சிலர் 'பேடில் ஸ்கீ' என்பார்கள். கண்ணாடி இழையில் செய்தது. நீளம் சுமார் நாலரை முதல் ஐந்தேகால் மீட்டர், அகலம் 60 முதல் 70 சென்டிமீட்டர், எடை 25 கிலோ அளவில். இருக்கை தாழ்வாக, படகின் உடலோடு சேர்ந்து வார்த்திருக்கும். அணியம் மேல்நோக்கி வளைந்து, உள்ளே நிறையக் காற்று இருக்கும்படி பருத்திருக்கும், நுரைக்குள் புதைந்தாலும் உடனே மேலே எழும். நடுவில், உங்கள் கால்களுக்கு இடையிலோ சற்று முன்னாலோ, மூடி போட்ட ஒரு நீளமான அறை. தூண்டில்கள், மீன் எல்லாம் அதற்குள்ளே போய்விடும். ஸ்டெல்த் என்ற நிறுவனத்தின் ஸ்கீக்கள் இந்த மாகாணத்திலேயே தயாராகின்றன, காஸ்காசி கேப் டவுன் பக்கத்துத் தயாரிப்பு. இரண்டும் இந்த நாட்டு நுரையைத் தெரிந்து செய்தவை. கடலூர் பக்கம் கட்டுமரம் அலை தாண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் மேலே ஏறி வழிந்தோடும், வலை முதல் சோற்றுப் பானை வரை எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஸ்கீயின் எண்ணமும் அதுதான்.

முதல் சில நாட்கள் ஸ்கீ உங்களுக்கு ஆட்டமாகத்தான் இருக்கும். அது குறையில்லை, உடம்பு பழக வேண்டும். உங்கள் எடை எண்பது கிலோவுக்கு மேல் என்றால் ஐந்து மீட்டரை ஒட்டிய, அகலம் 70க்குப் பக்கத்திலுள்ள மாடலைத் தேடுங்கள். எடை குறைவானவர்கள் நாலரை மீட்டரோடு நிற்கலாம், திருப்புவதும் காரில் ஏற்றுவதும் சுலபம்.

புதியது விலை அதிகம். பழையது வாங்குவதில் தவறே இல்லை, பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும். நிழலில் வைத்து அடிப்பக்கம் முழுதும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குறிப்பாக இருக்கைக்கு அடியிலும் குதிகால் உராயும் இடத்திலும். மெத்தென்று உள்ளே போனால் இழை உரிந்துவிட்டது என்று பொருள். மேல்பூச்சில் சிலந்தி வலை போன்ற மயிரிழைக் கோடுகள் அங்கங்கே இருப்பது சாதாரணம், ஒரே இடத்திலிருந்து நட்சத்திரம் மாதிரிக் கிளம்பினால் அங்கே ஓர் அடி விழுந்திருக்கிறது. மூடியின் ரப்பரைப் பிரித்துப் பாருங்கள். சுக்கான் கயிற்றை மிதியிலிருந்து வால் வரை இழுத்துப் பாருங்கள். முடிந்தால் எடை போடுங்கள்: விற்பவர் சொல்லும் எடையைவிட மூன்று நான்கு கிலோ கூடுதலாக இருந்தால் உள்ளே எங்கோ தண்ணீர் ஊறியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வடிகால் திருகைக் கழற்றி, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு டம்ளர் என்றால் சரி. ஒரு வாளி என்றால் வேண்டாம், உள்ளே அங்குமிங்கும் ஓடும் தண்ணீர்தான் ஸ்கீயைக் கவிழ்க்கும்.

இனி, எதை எங்கே கட்டுவது. இதற்கு என்னிடம் இருப்பது ஒரே விதி. நுரையைத் தாண்டும்போது மேல்தளத்தில் எதுவும் இருக்கக் கூடாது. தூண்டில், மீனைக் குத்தித் தூக்கும் கைக் கொக்கி, தூண்டில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, எல்லாம் மூடிக்குள். அலை கவிழ்க்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சாமானும் உங்கள் முகத்தையும் விலாவையும் தேடி வரும். முள் கொக்கி மூன்று தொங்கும் தூண்டிலோடு நுரைக்குள் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். வெளியே, அலை உடையும் கோட்டுக்கு அப்பால் போன பிறகு நிதானமாக எடுத்து மாட்டிக்கொள்ளலாம். திரும்பும்போதும் அப்படியே, கோட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடியை இருமுறை சரிபார்த்த பிறகுதான் கரையைப் பார்க்க வேண்டும்.

இந்த விதியை ஏற்றுக்கொண்டால் பாதி சாமான்கள் தேவையற்றதாகிவிடும். தூண்டில் தாங்கி ஆறு எதற்கு? தளத்தோடு சமமாகப் பதிந்த குழாய் தாங்கிகள் நான்கு போதும்: முதுகுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் இரண்டு, பாதத்துக்குப் பக்கத்தில் இரண்டு. பின்னால் இருப்பவற்றில் தூண்டில் வெளிப்புறம் சாய்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கயிறும் ஒன்றோடொன்று சிக்காது. தண்டு ஆறு ஏழு அடிக்கு மேல் வேண்டாம், நீளமானால் மூடிக்குள் போகாது. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு சுருள் கயிறு, ஸ்கீயோடு இணைத்து. தாங்கி பொருத்தும்போது திருகாணியை மட்டும் நம்பாமல், உட்பக்கம் ஒரு பட்டைத் தகடு வைத்து, கடலுக்கான சீலன்ட் தடவி முடுக்குங்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீர் புகும் வழி என்பதால், துளை போடும் முன் நாலைந்து தடவை கடலுக்குப் போய் வந்து, உங்கள் கை இயல்பாக எங்கே போகிறது என்று பாருங்கள்.

மீன் காட்டும் கருவி வாங்கத் தகுந்தது. இங்கே நாம் அதிகம் சுற்றுவது 15 முதல் 30 மீட்டர் ஆழத்தில். கடலடிப் பாறைத்திட்டான பார் எங்கே தொடங்குகிறது, இரைமீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் வேலை பாதியாகும். அதன் உணர்கருவியை வெளியே தொங்கவிடாமல் உள்ளே அடித்தளத்தில் ஒட்டலாம், ஒலி கண்ணாடி இழை வழியாகப் போகும். இரண்டு எச்சரிக்கை. சில ஸ்கீக்களில் இரண்டு இழைப் பூச்சுக்கு நடுவே நுரைப் பலகை வைத்திருப்பார்கள், அதன் வழியாக ஒலி போகாது. ஒட்டும் பசையில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கினாலும் திரையில் குப்பைதான் தெரியும். முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, உணர்கருவியை அதில் வைத்து அடித்தளத்தில் நகர்த்திப் பார்த்து, தெளிவாகத் தெரியும் இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்து அடியோடு கட்டுங்கள். சின்னக் கருவி ஒரு மணி நேரத்துக்கு அரை ஆம்பியர் மணி எடுக்கும், ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தாலும் காலை முழுதும் ஓடும். பணம் இருந்தால் லித்தியம் எடுங்கள், பாரம் மூன்றில் ஒரு பங்குதான்.

நங்கூரம் வாங்க வேண்டாம். இங்கே கடலில் அதற்கு வேலை இல்லை, ஆபத்துதான் உண்டு. நீரோட்டம் இழுக்கும்போது நங்கூரம் பாரில் மாட்டினால் அணியம் தண்ணீருக்குள் இறங்கும். சீலாவுக்கு மெல்ல ஓட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சீலா என்று நீங்கள் சொல்வதும், சென்னையில் வஞ்சிரம் என்பதும், இங்கே 'கூட்டா' என்று கூப்பிடுவதும் ஒரே மீன்தான். வெதுவெதுப்பான தண்ணீர் வரும் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் நன்றாகக் கிடைக்கும். உயிருள்ள கானாங்கெளுத்தி கிடைத்தால் அதைவிடச் சிறந்த இரை இல்லை, போகிற வழியிலேயே சின்னக் கொக்கிச் சரத்தில் பிடித்துக்கொள்ளலாம். மூக்கில் ஒற்றைக் கொக்கி, முதுகில் வாலுக்கு முன்னால் முக்கொக்கி, இரண்டையும் இணைக்க எஃகுக் கம்பி. நைலானை மட்டும் நம்பினால் அதன் பல் ஒரே கடியில் அறுத்துவிடும். உயிர் இரை கிடைக்காத நாளில் வாளையோ மத்தியோ கம்பியில் கோத்து இழுக்கலாம். ரீலின் பிடியைத் தளர்வாக வையுங்கள்: கடித்தவுடன் நூறு மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக ஓடும், அந்த ஓட்டத்தை நிறுத்தப் பார்த்தால் கொக்கி கழன்றுவிடும். தண்டை எப்போதும் அணியத்தின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், மீன் ஸ்கீயை இழுத்துக்கொண்டு போகட்டும். பக்கவாட்டில் இழுக்க விட்டால் நீங்கள் தண்ணீரில். பக்கத்தில் வந்ததும் கைக் கொக்கியால் தலைக்குப் பின்னால் குத்தி, மேலே ஏற்றும் முன் கட்டையால் ஒரே அடி. பத்துப் பதினைந்து கிலோ சீலா உயிரோடு உங்கள் தொடைகளுக்கு நடுவே துள்ளினால் அந்தப் பல் சதையைக் கிழித்துவிடும். கையோடு மூடிக்குள் தள்ளி, ஈரச் சாக்கைப் போடுங்கள்.

மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் இங்கே அடியோடு விட்டுவிடுங்கள். இது சுறாக் கடல். டர்பனில் 1952 முதல் குளிக்கும் கரைகளுக்கு வெளியே வலை போட்டிருக்கிறார்கள், 1964இல் அதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. ஆனால் அந்த வலைகள் கடலை மூடும் சுவர் அல்ல. ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர் நீளம், ஆறு மீட்டர் ஆழம், கரையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் தூரத்தில். சுறா அதைச் சுற்றியும் அடியிலும் போய்வர முடியும், நீங்கள் தூண்டில் போடுவதோ அதற்கும் வெளியே. அந்த வலைகளின் மிதவைகளில் ஸ்கீயைக் கட்டாதீர்கள். நீங்கள் போராடும் மீனைச் சுறா பாதியில் வாங்கிக்கொண்டால் கயிற்றை அறுத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுங்கள்.

உடம்பில் இருக்க வேண்டியவை சில. பளிச்சென்ற நிறத்தில் மிதவை உடுப்பு, கரையில் போட்டால் கரையில்தான் கழற்றுவது. அதன் பையில் மழுங்கிய முனைக் கத்தி, விசில், நீர் புகாத உறையில் தொலைபேசி. இவை ஸ்கீயில் இருந்து பயனில்லை, ஸ்கீ போன பிறகு தேவைப்படுபவை இவை. ஆளில்லாத ஸ்கீயைக் காற்று தள்ளும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. அதனால் வெளிக்கடலில் காலிலோ துடுப்பிலோ ஸ்கீயோடு இணைப்புக் கயிறு கட்டாயம். நுரைக்குள் நேர்மாறு: அங்கே உங்கள் உடம்பை ஸ்கீயோடு கட்டாதீர்கள். 1967இல் தொடங்கிய தேசியக் கடல் மீட்பு நிறுவனமான என்.எஸ்.ஆர்.ஐ. தொண்டர்களால் நடப்பது. அவர்களுடைய சேஃப்டிரெக்ஸ் செயலி இலவசம், கிளம்பும்போது திரும்பும் நேரத்தைப் பதிந்தால், நீங்கள் வராவிட்டால் உங்கள் வீட்டுக்குத் தகவல் போகும்.

காற்றைப் பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானது மட்டும். இங்கே கரையை ஒட்டி இரண்டு காற்று மாறி மாறி வீசும், வடகிழக்கு, தென்மேற்கு. வடகிழக்கு மெல்ல ஏறும், பத்து மணிக்குள் திரும்பிவிட்டால் பிரச்சினை இல்லை. தென்மேற்கு அப்படியல்ல. வீசிக்கொண்டிருந்த வடகிழக்கு திடீரென்று ஓய்ந்து, வெக்கையாகி, தெற்கே அடிவானத்தில் மேகக் கோடு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு அந்த நிமிடமே கரைக்கு வாருங்கள், சில நிமிடங்களில் கடல் முகம் மாறும். குளிர்காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து வரும் அனல் காற்று வேறு வகை. கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், வெளியே போகப் போகத் தள்ளும் வேகம் கூடும். வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டம் இருக்கிறது. அதன் நடுப்பகுதி நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஓடும், நல்ல துடுப்புக்காரர் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர்தான். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெளியே போக ஆரம்பத்தில் எந்தக் காரணமும் இல்லை, சீலா அதற்குள்ளேயே வரும்.

நுரை தாண்டப் பழக தூண்டிலே இல்லாமல் போங்கள். துறைமுக வாய்க்குப் பக்கத்திலுள்ள வெட்சஸ் கடற்கரை நல்ல இடம், 19ஆம் நூற்றாண்டில் பாதியில் கைவிட்ட அலைதடுப்பு இன்னும் அங்கே அலையை அடக்கிக்கொண்டிருக்கிறது, ஸ்கீ ஓட்டுபவர்களும் அங்கே கூடுவார்கள். பத்து நிமிடம் மணலில் நின்று அலையை எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து பிறகு ஓர் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் தயங்காமல் போங்கள். தயக்கம்தான் கவிழ்க்கிறது. கவிழ்ந்தால் ஸ்கீக்கும் கரைக்கும் நடுவே மட்டும் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த ஸ்கீயை அலை தூக்கி அடித்தால் எலும்பு முறியும். எப்போதும் நீங்கள் கடல் பக்கம், ஸ்கீ கரைப் பக்கம்.

சட்டப்படி பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதி வேண்டும், தபால் நிலையத்தில் கிடைக்கும். அந்த அனுமதியில் பிடித்த மீனை விற்கக் கூடாது. இங்கே 'ஷாட்' என்று சொல்லும் மீனுக்கு (ப்ளூஃபிஷ்) அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தடை, மற்ற நாட்களில் ஒருவருக்கு நான்கு, 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தெற்கே அலிவால் ஷோல், வடக்கே உதுகேலா போன்ற பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளில் எங்கே தூண்டில் போடலாம் என்பதற்குத் தனி எல்லைகள் உண்டு, போகும் முன் வரைபடத்தைப் பாருங்கள்.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். கடலுக்கு இப்போது வேண்டாம். இனாண்டா அணைக்கோ மிட்மருக்கோ கூட்டிப் போங்கள். நீங்கள் பார்த்த அந்த அகலமான கயாக் அங்கே அருமையாக இருக்கும், நாற்காலியும் பெடலும் அங்கே உண்மையாகவே உதவும், பாஸ் மீன் கரையோர நாணலை ஒட்டிக் கிடைக்கும். இரண்டு பேர் உட்காரும் வகையை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மடக்கு நங்கூரம் ஒன்று, ஒன்றரைக் கிலோவில், அங்கே பயன்படும். மதியத்தில் காற்று ஏறும், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வடக்கே ஜோசினி அணையில் புலிமீன் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினாலும் கயாக்கில் போகாதீர்கள், அங்கே முதலையும் நீர்யானையும் இருக்கின்றன. பையனுக்கு மிதவை உடுப்பு அவன் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கு இடையில் வார் உள்ளதாக வாங்குங்கள். பெரியவர்களுடையதைப் போட்டு இறுக்கினால் தண்ணீரில் விழுந்ததும் உடுப்பு மேலே போகும், பிள்ளை கீழே போவான்.